நெருப்பு எங்கே நிற்கிறது? மாதிரி நீராவி என்ஜின்களின் கேஸ் பர்னர் கோளாறுகள்

இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரத்தைச் சொன்னால் ரயில் பித்துப் பிடித்தவர்களுக்கு இரண்டு என்ஜின்கள் உடனே நினைவுக்கு வரும். ஒன்று 1923-ல் வெளிவந்த ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன். இன்னொன்று 1938-ல் மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்டு நீராவி என்ஜின்களின் உலகச் சாதனையைத் தன்வசம் வைத்திருக்கும் மல்லார்ட். இரண்டும் அந்த ஊர்ப் பட்டறையில் பிறந்தவை. அதே ஊரில் ரவுண்ட்ஹவுஸ் என்றொரு நிறுவனம் நீராவி என்ஜின்களைச் செய்து விற்கிறது. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் மட்டும் 32 அல்லது 45 மில்லிமீட்டர். ஓடும் இடம் வீட்டுத் தோட்டம்.

இவை அலமாரியில் வைக்கும் பொம்மைகள் அல்ல. செம்புக் கொதிகலனுக்குள் தண்ணீர் நிஜமாகவே கொதிக்கிறது. நீராவி சிலிண்டருக்குள் போய் பிஸ்டனைத் தள்ளுகிறது. அழுத்தம் மிஞ்சினால் பாதுகாப்பு வால்வு சீறுகிறது. மாறியிருப்பது எரிபொருள்தான்: நிலக்கரிக்குப் பதில் பியூட்டேன் வாயு.

அந்த மாற்றத்தோடு ஒரு சங்கடமும் சேர்ந்து வந்தது. மல்லார்டின் ஃபயர்மேன் அடுப்புக் கதவைத் திறந்து நெருப்பைக் கண்ணால் பார்ப்பார்; எங்கே கரி குறைகிறதோ அங்கே அள்ளிப் போடுவார். மாதிரி என்ஜினிலோ, கொதிகலனுக்குள் நீளவாக்கில் ஓடும் ஒற்றைக் குழாய்க்குள் நெருப்பு ஒளிந்திருக்கிறது. என்ஜின் வைத்திருப்பவர் காதால் கேட்டும், மூக்கால் முகர்ந்தும், பின்புறச் சந்து வழியே எட்டிப் பார்த்தும்தான் அதன் நலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பற்றவில்லை, அணைந்துவிடுகிறது, ஊளையிடுகிறது, கண் எரிகிறது, நீராவி ஏறவில்லை என்று புகார்கள் பலவிதம். எல்லாவற்றுக்கும் பழி விழுவது பர்னர்மேல். பெரும்பாலும் அது குற்றமற்றது.

ஏன் கேஸ் வந்தது

மாதிரி என்ஜின்களில் நெடுங்காலம் ஆண்ட எரிபொருள் ஸ்பிரிட். திரி போட்ட சிறு குழல்களில் நீல நிறத்தில் எரியும். பொம்மை என்ஜின்களுக்குப் பெயர்பெற்ற மமோட் நிறுவனம் திட எரிபொருள் வில்லைகளைக் கொடுத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது நெருப்பைக் கூட்டவோ குறைக்கவோ இரண்டிலும் வழியில்லை. ஸ்பிரிட் தளும்பிக் கொட்டினால் பகல் வெளிச்சத்தில் அது எரிவதுகூடக் கண்ணுக்குத் தெரியாது.

1970-களின் இறுதியில் ஹார்ன்பி நிறுவனம் மூன்றரை அங்குலப் பாதைக்கு ஸ்டீபன்சனின் ராக்கெட்டை பியூட்டேனில் ஓடும் மாதிரியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1829-ல் ரெயின்ஹில் போட்டியில் வென்ற அசல் ராக்கெட்டின் பலம் அதன் கொதிகலனுக்குள் ஓடிய 25 செம்புக் குழாய்கள். தோட்டத்து ரயில் உலகத்தில் கேஸ் என்ஜின்கள் பரவியபோது அத்தனை குழாய்கள் தேவைப்படவில்லை. ஒரே அகலமான குழாய், அதற்குள் ஒரு நீளமான பர்னர் என்ற எளிய அமைப்பே நிலைத்தது. வால்வைத் திருகினால் நெருப்பு கூடும், குறையும். ஒருமுறை நிரப்பினால் சிறிய என்ஜின் ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் ஓடும். நல்ல வடிவமைப்பில் தண்ணீர் தீருமுன் கேஸ் தீர்ந்துவிடும்; அதனால் கொதிகலன் வறண்டு காயாது.

படுக்கவைத்த புன்சன்

பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்த புன்சன் பர்னர் 1855-ல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் உருவானது. ராபர்ட் புன்சன் சொல்ல, கருவி செய்பவரான பீட்டர் டெசாகா செய்து கொடுத்தார். அதைப் படுக்கவைத்து, முனையை அடைத்து, உடம்பில் வரிசையாக மெல்லிய பிளவுகளை அறுத்தால் அதுதான் என்ஜின் பர்னர்.

பின்புறத்தில் ஜெட் என்ற சிறு பித்தளைத் திருகு. அதன் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து வேகமாகப் பாயும் கேஸ், பக்கத்திலுள்ள துளைகள் வழியே காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு குழலுக்குள் போகிறது. இரண்டும் கலந்து பிளவுகள் வழியே வெளியேறி, அவற்றின் வாயில் எரிகின்றன. எரிந்த புகை குழாய் வழியே முன்புறப் புகைப்பெட்டிக்குப் போய், புகைபோக்கியில் வெளியேறுகிறது.

பிளவுகள் ஏன் அவ்வளவு மெல்லியவை? ஹம்ஃப்ரி டேவி 1815-ல் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கம்பிவலை விளக்கை அமைத்தபோது பயன்படுத்திய உண்மைதான் காரணம். குறுகலான உலோக இடுக்குக்குள் நுழையும் தீயின் சூட்டை உலோகம் உறிஞ்சிவிடும். தீ அங்கேயே மடியும். ஆகவே பிளவுக்கு வெளியே எரியும் தீ, உள்ளே இருக்கும் கலவைக்குத் தாவாது.

இந்தப் படம் மனதில் இருந்தால் கோளாறு கண்டுபிடிப்பது பாதி முடிந்தது. தீ நிற்க வேண்டிய இடம் ஒன்றே: பிளவுகளின் வாய். அது தப்பிப்போகும் இடங்கள் மூன்று: பின்னால் ஜெட்டின் முனை, முன்னால் புகைப்பெட்டி, அல்லது என்ஜினுக்கு வெளியே. அனுபவசாலிகள் ஸ்பேனரை எடுப்பதற்குமுன் கேட்கும் கேள்வி, தீ இப்போது எங்கே நிற்கிறது என்பதுதான்.

முதல் சந்தேகம் டேங்கின் மேல்

நம் வீட்டுச் சமையல் கேஸ் சிலிண்டரின் தலையில் ரெகுலேட்டர் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே அழுத்தம் எப்படி இருந்தாலும் அடுப்புக்கு ஏறத்தாழ 30 மில்லிபார் மட்டுமே போகும். சிறிய மாதிரி என்ஜின்களில் பெரும்பாலும் அந்த ஏற்பாடு இல்லை. டேங்குக்குள் இருக்கும் திரவத்தின் ஆவியழுத்தம் நேராக ஊசி வால்வுக்கு வருகிறது, அங்கிருந்து ஜெட்டுக்கு. எனவே டேங்கின் வெப்பநிலைதான் நெருப்பின் அளவைத் தீர்மானிக்கிறது.

பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. உறைபனி நாளில் அதற்கு ஜெட்டைத் தாண்டி வரத் தெம்பே இருக்காது. 10 டிகிரியில் காற்றழுத்தத்துக்கு மேல் அரை பார் அளவு அழுத்தம் கிடைக்கும். 20 டிகிரியில் ஒரு பாருக்குச் சற்று மேல். 40 டிகிரியில் மூன்று பாரை நெருங்கும். காலையில் சோம்பிக் கிடந்த பர்னர், மதிய வெயிலில் சீறிக்கொண்டு எரிவதற்குக் காரணம் இந்தக் கணக்கு. வால்வு அதேதான், ஜெட்டும் அதேதான்.

இன்னொரு சிக்கல், டேங்க் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்வது. ஒரு கிராம் பியூட்டேன் ஆவியாக ஏறத்தாழ 370 ஜூல் வெப்பம் வேண்டும். சுற்றியிருக்கும் காற்று அதை வேகமாகக் கொடுக்காவிட்டால், மிச்சத் திரவத்திலிருந்தும் டேங்கின் உலோகத்திலிருந்தும் அது எடுக்கப்படும். ஐந்து நிமிடம் நன்றாக எரிந்த நெருப்பு பிறகு வாடுகிறது, டேங்கைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருக்கிறது என்றால் பர்னரைக் கழற்றுவதில் பயனில்லை. பல என்ஜின்களில் டேங்கை ஓட்டுநர் அறைக்குள் கொதிகலனுக்கு அருகில் வைப்பது இதனால்தான். டேங்க் பின்பெட்டியில் இருந்தால் அதைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டி அமைத்து, குளிர் நாளில் வெதுவெதுப்பான நீர் ஊற்றுகிறார்கள். கொதிக்கும் நீர் கூடவே கூடாது.

குளிர் நாடுகளில் மற்றொரு தீர்வு, பியூட்டேனும் புரோப்பேனும் கலந்த முகாம் அடுப்பு டின்கள். புரோப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. ஆனால் 20 டிகிரியிலேயே அதன் அழுத்தம் காற்றழுத்தத்துக்கு மேல் ஏழு பாரைத் தாண்டுகிறது. அதனால் பியூட்டேனுக்கென்று செய்த டேங்கில் சுத்தப் புரோப்பேனை நிரப்புவது ஆபத்து. எந்தக் கலவை வரை போகலாம் என்பதை என்ஜினைச் செய்தவரின் கையேடு சொல்லும். அதை மீறக் கூடாது. கலவையில் புரோப்பேன் முந்திக்கொண்டு ஆவியாகும் என்பதால், ஓட்டத்தின் கடைசியில் நெருப்பு தளர்வதும் இயல்பே.

நிரப்பும்போது வரும் சந்தேகம் ஒன்று: கேஸ் ஏறவில்லை, வால்வு கெட்டுவிட்டதா? அப்போதுதான் ஓடி நின்ற என்ஜின் என்றால் டேங்க் சூடாக இருக்கும். உள்ளே அழுத்தம் டின்னைவிட அதிகம். திரவம் எப்படி இறங்கும்? ஆறவிட்டால் ஏறும்.

ஜெட்: ஊசிக்கு இங்கே வேலையில்லை

டேங்க் வெதுவெதுப்பாக இருக்கிறது, கேஸும் இருக்கிறது. வால்வைத் திறந்தால் வழக்கமான சீறல் மட்டும் இல்லை. இப்போது ஜெட்டைச் சந்தேகிக்கலாம். அத்தனை சிறிய துளையை அடைக்க ஒரு நூலிழைத் துண்டு போதும். டின்னிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கு, திருகுகளில் சுற்றும் டெஃப்லான் டேப்பின் நுனி, உலர்ந்து உதிரும் சீலண்ட் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள்.

ஜெட்டைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். துளை கூர்மையான வட்டமாகத் தெரிந்தால் நலம். இல்லையென்றால் அசிட்டோன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, உலர்த்தி, வந்த திசைக்கு எதிர்த்திசையில் காற்றை ஊத வேண்டும். முன்பக்கமிருந்து ஊதினால் தூசி வந்த வழியே போகும்; பின்பக்கமிருந்து ஊதினால் இன்னும் இறுகும்.

பலரும் இந்த இடத்தில் ஊசியையோ கம்பியையோ தேடுவார்கள். பித்தளை மென்மையானது. கம்பி பட்டால் துளை பெரிதாகும் அல்லது கோணலாகும். அப்புறம் கேஸ் அதிகம் வரும், ஆனால் அது இழுத்துவரும் காற்று அந்த விகிதத்தில் கூடாது. கோணல் துளையிலிருந்து கிளம்பும் கேஸ் குழலின் சுவரில் மோதிக் கலவையைக் கெடுக்கும். அடைப்பு நீங்கிவிட்டது போலத் தோன்றும். மஞ்சள் தீயும் கரியும் தொடங்கும். புது ஜெட்டின் விலை என்ஜின் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. கைப்பெட்டியில் ஒன்றை உபரியாக வைத்திருப்பவர்கள் அதிகம்.

தீ முன்னால் போனால்

ஒற்றைக் குழாய் என்ஜினை வழக்கமாக முன்புறமிருந்துதான் பற்றவைக்கிறார்கள். புகைப்பெட்டிக் கதவைத் திறந்து அல்லது புகைபோக்கியின் வாயில் லைட்டரை நீட்டி, வால்வை மெல்லத் திறக்க வேண்டும். கலவை குழாய் நெடுக வந்து சேர்ந்ததும் தீ பற்றி, ‘பக்’ என்ற சத்தத்தோடு பின்னோக்கி ஓடிப் பர்னரில் உட்காரும். அந்தச் சத்தம்தான் நல்ல சகுனம்.

சில நேரம் அது ஓடாது. புகைப்பெட்டியிலேயே நின்று எரியும். கவனிக்காமல் விட்டால் சில நிமிடங்களில் புகைப்பெட்டியின் பெயின்ட் கொப்பளித்துவிடும். பெரும்பாலும் காரணம், வால்வை அவசரமாகத் திறந்தது. காற்றில் பியூட்டேன் 1.8 விழுக்காட்டுக்கும் 8.4 விழுக்காட்டுக்கும் இடையே இருந்தால் மட்டுமே எரியும். அதற்கு மேலே போனால் குழாய்க்குள் கேஸ் மிகுந்து காற்று போதாது, தீ பின்னால் ஓட வழியில்லை. வெளிக்காற்று கிடைக்கும் முன்புறத்தில்தான் எரியும். வால்வைக் குறைத்தால் பல நேரம் தீ தானாகப் பின்னால் தாவிவிடும். தாவாவிட்டால் மூடிவிட்டு, சற்றுப் பொறுத்து, மறுபடி தொடங்க வேண்டும். பியூட்டேன் காற்றைவிட இரு மடங்கு கனமானது. மேலே பறந்துவிடாது, தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். புகைபோக்கிக்கு மேல் முகத்தை நீட்டிப் பார்ப்பது எந்த நிலையிலும் வேண்டாம்.

எரிந்துகொண்டிருந்த தீ ஓட்டத்தின் நடுவே முன்னால் நழுவுவதும் உண்டு. ப்ளோயர் வால்வை அளவுக்கு மீறித் திறந்தால், புகைபோக்கியில் எழும் நீராவித் தாரை குழாய்க்குள் காற்றைப் பலமாக இழுத்து, தீயைப் பிளவுகளிலிருந்து பிய்த்துவிடும். டேங்க் சூடேறி கேஸின் வேகம் கூடினாலும் இதேதான். வால்வைக் கால் திருகு குறைப்பது முதல் வைத்தியம்.

தீ பின்னால் போனால்

இது இன்னும் கெட்டது. நெருப்பு பிளவுகளை விட்டுக் குழலுக்குள் புகுந்து ஜெட்டின் முனையிலேயே எரியும். ஒரு மாதிரியான முரட்டு இரைச்சல் கேட்கும்; கொதிகலனுக்குப் போக வேண்டிய சூடு பின்புறத்திலேயே தேங்கும்; ஜெட்டைப் பிடித்திருக்கும் பகுதி கொதிக்கும்; பக்கத்திலுள்ள ஓ-ரிங்குகள் கருகும். இரைச்சல் கேட்டவுடன் கேஸை மூட வேண்டும்.

கலவை பிளவுகளைத் தாண்டும் வேகம், தீ பரவும் வேகத்தைவிடக் குறைந்தால் தீ உள்ளே நுழையப் பார்க்கும். கேஸை மிகவும் குறைத்து வைத்தது, ஜெட் அரைகுறையாக அடைத்தது, டேங்க் குளிர்ந்தது ஆகியவை வேகத்தைக் குறைக்கும். ஆண்டுக்கணக்கான சூட்டில் பிளவுகள் விரிந்தோ, நுனி அடைப்பு தளர்ந்தோ இருந்தால் டேவி சொன்ன காப்பு போய்விடும். இந்த ஓர் இடத்தில்தான் பர்னரே உண்மையான குற்றவாளி. புதிது வாங்குவதே வழி. ஜெட் உட்காரும் திருகில் கசிவு இருந்தால் கசியும் கேஸ் அங்கேயே பற்றி எரிந்து இதே தோற்றம் காட்டும். அதனால் பர்னரை மாற்றுமுன் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது நல்லது.

ஊளை, மஞ்சள், கண் எரிச்சல்

1859-ல் நெதர்லாந்தின் இயற்பியலாளர் பீட்டர் ரெய்கே ஒரு சோதனை செய்தார். செங்குத்தான குழாய்க்குள் கம்பிவலை ஒன்றைச் சூடாக்கி வைத்தபோது குழாய் உரத்த குரலில் பாடியது. சூடும் காற்றின் அதிர்வும் ஒன்றையொன்று வளர்த்துக்கொள்வதால் எழும் ஒலி அது. என்ஜின் பர்னரின் ஊளையும் இதே வகை. தெருமுனைவரை கேட்கும் அந்தச் சத்தம் பயமுறுத்தினாலும் பல நேரம் ஆபத்தற்றது. சில பர்னர்கள் குளிர்ந்த கொதிகலனில் பாடிவிட்டு, நீராவி எழுந்ததும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் காற்றுத் துளைகளை மூடித் திறக்கும் வளையத்தை நகர்த்தலாம், பர்னரைச் சற்றே திருப்பலாம், அல்லது குழலுக்குள் மெல்லிய எஃகு வலைச் சுருளை வைத்துப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றையும் ஒருசேர மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

மஞ்சள் தீ காற்றுப் பற்றாக்குறையின் அடையாளம். ஒரு கன அளவு பியூட்டேன் முழுமையாக எரிய 31 கன அளவு காற்று வேண்டும். காற்றுத் துளையில் தூசியோ எண்ணெயோ படிந்தால், அல்லது ஜெட் பெரிதாகிவிட்டால் அந்தக் கணக்கு தவறும். பிறகு கரி படிந்து குழாய் இன்னும் அடைபடும்.

பற்றவைத்த கையோடு கண்ணில் நீர் வரவழைக்கும் காரமான வாடை வேறு விஷயம். குளிர்ந்த செம்புச் சுவரில் தீ மோதி, பாதி எரிந்த நிலையில் அணையும்போது வருவது அது. கொதிகலன் சூடேறியதும் போய்விட வேண்டும். போகாவிட்டால் கேஸ் அதிகம் அல்லது காற்று குறைவு. அந்த வாடையோடு கார்பன் மோனாக்சைடும் வரக்கூடும். அதற்கு வாடையே இல்லை. மூடிய அறையில் இத்தகைய என்ஜினை எரியவிடக் கூடாது.

நீலமாக எரிந்த தீ திடீரென்று மஞ்சளாகப் பொங்கிப் பொங்கி அடங்கினால் ஜெட்டுக்குத் திரவமாகவே கேஸ் வருகிறது. டேங்கைக் கழுத்துவரை நிரப்பியிருப்பார்கள். மேலே ஆவிக்கு இடம் வேண்டும். நிரப்பியபின், பக்கத்தில் எங்கும் நெருப்பு இல்லாத இடத்தில் வால்வை ஒரு கணம் திறந்து மூடினால் இந்தத் தொல்லை குறையும்.

செராமிக் பர்னர்களின் தனிக்கதை

கேஜ் 1 எனப்படும் 45 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் பெரிய என்ஜின்களில் அசலைப் போலவே அடுப்புப் பெட்டியும் பல குழாய்களும் இருக்கும். அங்கே நீளக் குழலுக்குப் பதில் நுண்துளைகள் கொண்ட செராமிக் பலகை. தீ அதன் மேற்பரப்பை ஒட்டி எரிந்து, பலகையே செந்தணலாக ஒளிரும். இதற்கு முதலில் காற்றை இழுத்துக் கொடுக்க வேண்டும். நீராவி எழும்வரை புகைபோக்கியின் மேல் ஒரு சிறு மின்விசிறி வைத்து உறிஞ்சுவார்கள். விசிறி இல்லாமல் பற்றவைத்தால் தீ அடுப்புப் பெட்டிக்கு வெளியே நாக்கு நீட்டும். பலகையில் விரிசல் விழுந்தாலோ விளிம்பின் ஒட்டு விட்டாலோ தீ அடியில் நுழையும். ஒட்டவைத்துச் சமாளிக்க முயல்வதைவிட மாற்றுவதே பாதுகாப்பு.

எந்த வரிசையில் பார்ப்பது

கைதேர்ந்தவர்கள் பின்னாலிருந்து முன்னால் போகிறார்கள்: டேங்கின் சூடு, கேஸின் வகை, வால்வு, ஜெட், காற்றுத் துளை, கடைசியாகப் பர்னர். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர். வால்வுத் தண்டின் ஓ-ரிங் காய்ந்து இறுகியிருந்தால் மாற்றிவிடுவார்கள். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள் அது. கசிவு தேட லைட்டரைப் பயன்படுத்துபவர் பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம்.

பழைய என்ஜின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி ஓடவிட்டுக் காட்டினால் அதைப் பார்த்து மயங்க வேண்டாம். முழுக்க ஆறவிட்டு, குளிர்ந்த நிலையிலிருந்து பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘பக்’ என்று தீ பின்னால் ஓடி உட்காருகிறதா, ஐந்து நிமிடம் கழித்தும் அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள். மேலே எத்தனை பளபளப்பாகப் பெயின்ட் அடித்திருந்தாலும், விலை பேச வேண்டியது அதற்குப் பிறகுதான்.